பரணில் கிடந்த ஏர் பிஸ்டல்: வயதைப் படிப்பது எப்படி?

கல்லிடைக்குறிச்சியில் பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே பழைய வேட்டியில் சுற்றி ஒரு ஏர் பிஸ்டல். "வெள்ளக்காரன் காலத்துச் சாமான்லே இது. மாஞ்சோலை எஸ்டேட் துரை உங்க தாத்தாவுக்குக் குடுத்தது" என்றபடியே பெரியப்பா உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்க்கப் போனார். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் வயது அந்தத் துருவுக்கு அடியில்தான் இருக்கிறது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். குழலைக் கீழே மடக்கினால் பிஸ்டன் பின்னால் போகும், ஸ்பிரிங் அமுங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் அடிக்கும். சிலிண்டரில் இருக்கும் காற்று இறுகிச் சூடேறி ஈயக்குண்டைத் தள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான்.

எல்லாப் பிஸ்டலும் இப்படி மடங்காது. இங்கிலாந்தில் பர்மிங்காமின் வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனி 1924-இல் கொண்டுவந்த பிஸ்டலில் குழல் சிலிண்டரின் மேலே படுத்திருக்கும். சுடும்போது பிஸ்டன் பின்பக்கமாக ஓடும். குழல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்தாலே பாதிக் கம்பெனிகள் கழிந்துவிடும்.

அடுத்தது முத்திரை. மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைத்தேன். கொஞ்சம் திருநீற்றைத் தடவி வழித்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். சேரன்மகாதேவிக் கோயில் கல்வெட்டை இப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? மழுங்கிய எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். இங்கே எழுந்தது ஒரு பெண்: வில்லைக் கீழே போட்டுவிட்டு, ஏர் ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாள். ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் தயாரான டயானா என்ற ஏர் துப்பாக்கி வகையின் சின்னம் அது.

அதற்குப் பக்கத்தில் 'மேற்கு ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த நாடு 1949-இல் பிறந்தது, 1990-இல் கிழக்கோடு இணைந்தது. ஆக 1947-க்கு முந்திய சாமானாக இது இருக்கவே முடியாது. ஒரு பொருளில் இருக்கும் அடையாளங்களில் எது ஆகக் கடைசியாக வந்ததோ, அதற்கு முன்னால் அந்தப் பொருள் செய்யப்பட்டிருக்காது. ஐங்கோணத்துக்குள் 'எஃப்' என்ற எழுத்து, அதாவது வேகம் குறைந்த ஏர் துப்பாக்கிக்கு ஜெர்மனியில் போடும் முத்திரை, இருந்தால் 1970-க்குப் பிந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் அது இல்லை. இல்லாததை வைத்து மட்டும் முடிவுகட்டக் கூடாது, ஏற்றுமதிக்குப் போனதில் விட்டுப்போயிருக்கலாம்.

திருகாணிகளையும் பாருங்கள். கூட்டல் குறித் தலையுள்ள பிலிப்ஸ் திருகாணிக்கு 1936-இல்தான் காப்புரிமை கிடைத்தது. 1920-களின் பிஸ்டலில் அது இருந்தால் பிறகு யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

சிலிண்டரின் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் துடைத்தபோது கடுகளவு எண்கள் தெரிந்தன. போருக்குப் பிந்திய டயானாக்களில் மாதமும் ஆண்டும் இப்படிப் பொறித்திருப்பார்கள். 5, 61. உப்புத்தாள் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் போயிருக்கும்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அறுபத்தொண்ணா? அப்பவும் மேல எஸ்டேட்ல துரை இருந்தாம்லே. சுதந்திரம் வந்த பிறகும் ரொம்ப நாள் இருந்தாம்."

அப்புறம் பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் தோல் வாஷருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டோம். குண்டு போடாமல் விசையை இழுத்துப் பார்க்க மட்டும் நான் விடவில்லை. முன்னால் தடை இல்லாவிட்டால் காற்று மெத்தை போலத் தாங்காது, பிஸ்டன் நேரே போய்ச் சிலிண்டரின் முகப்பில் மோதும்.