வேலியில் கட்டிய அறிவிப்பைப் படியுங்கள்

போன வாரம் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் வீட்டை ஒட்டிய கரும்பு நிலத்தில் பெரிய சோலார் பண்ணை வரப்போகிறது. "சுற்றுச்சூழல் அனுமதி கிடைச்சாச்சுன்னு சொன்னாங்க தம்பி. அதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்னு விட்டுட்டோம்" என்றார். வேலியில் கட்டிய அறிவிப்பில் நகராட்சிக்கு ஆட்சேபம் எழுதத் தந்த 30 நாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இந்த வருடம் இதே பேச்சோடு வந்த நான்காவது குடும்பம் இது. நில வகைப்பாட்டு வேலையையே தொழிலாகச் செய்கிறவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

சுற்றுச்சூழல் அனுமதி வேறு, ஜோனிங் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகைப்பாடு) வேறு. முதலாவது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுற்றுச்சூழல் துறை தருவது. இரண்டாவது உங்கள் நகராட்சியின் கையில் இருக்கிறது. 2015 முதல் நடைமுறையில் உள்ள நிலப் பயன்பாட்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. விவசாய நிலம் என்று வகைப்படுத்திய இடத்தில் சோலார் பண்ணை போட நகராட்சி தனியாகச் சம்மதிக்க வேண்டும். மத்திய அரசு இருக்கும் பிரிட்டோரியாவிலிருந்து எத்தனை கடிதம் வந்தாலும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது. கேப்டவுனில் மணல் எடுக்கச் சுரங்க உரிமை வாங்கிய மாக்சாண்ட் நிறுவனத்திடம் 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: சுரங்க உரிமை இருந்தாலும் நகராட்சியின் ஜோனிங்குக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். சுரங்கத்துக்கே அப்படியென்றால் சோலாருக்கு மட்டும் விலக்கா?

நான் சோலாருக்கு எதிரி இல்லை. லோட் ஷெடிங் என்ற மின்வெட்டில் நானும் இருட்டில் உட்கார்ந்தவன்தான். ஆனால் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 2 ஹெக்டேர் வேண்டும். 50 மெகாவாட் என்றால் 100 ஹெக்டேர். வடக்கு கேப் மாகாணத்தில் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கம்பிகளில் இடம் தீர்ந்ததால் கம்பெனிகள் மற்ற மாகாணங்களிலும் நிலம் தேடுகின்றன.

எங்கள் தாத்தாக்களின் நிலத்தை இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த 1950ஆம் ஆண்டு குரூப் ஏரியாஸ் சட்டம் பிடுங்கியபோது அவர்கள் பேச்சைக் கேட்க ஆளில்லை. இன்று கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாமோ தேதியைத் தவறவிடுகிறோம்.

ஆட்சேபம் எழுதும்போது "பார்க்க நன்றாக இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், லாரிகள் எந்த ரோட்டில் வரும், குத்தகை முடிந்ததும் பேனல்களை யார் அகற்றுவது என்று கேளுங்கள். ஒரே வாசகத்தில் 200 பேர் கையெழுத்திட்ட மனுவைவிட இப்படி ஒரு கடிதம் இதை முடிவு செய்யும் நகராட்சித் திட்டமிடல் தீர்ப்பாயத்தில் எடுபடும். முடிவு எதிராக வந்தால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 21 நாள்தான்.

நிலம் குத்தகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விவசாய நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் 10 வருடம் அல்லது அதற்கு மேல் குத்தகைக்கு விட, 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாய அமைச்சரின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். சோலார் குத்தகை பெரும்பாலும் 20 வருடத்துக்கு மேல். முன்பணத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து.

வேலியில் அறிவிப்பைக் கண்டால் அன்றைக்கே போட்டோ எடுங்கள், கடைசித் தேதி தெளிவாகத் தெரிகிற மாதிரி.