பில் கட்டியும் கரன்ட் போகுதா? கலிஃபோர்னியாவோட பிஎஸ்பிஎஸ் பத்தி

கலிஃபோர்னியாவுக்குப் புதுசா குடிவந்தவங்க, காத்தடிக்கிற சீசன்ல "உங்க ஏரியால கரன்ட் நிறுத்தப்படலாம்"னு மெசேஜ் வந்ததும் பதறிப்போய், பில்லெல்லாம் ஒழுங்காத்தானே கட்டுறோம்னு கேப்பாங்க. பில்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இதுக்குப் பேரு பப்ளிக் சேஃப்டி பவர் ஷட்ஆஃப், சுருக்கமா பிஎஸ்பிஎஸ். காய்ஞ்ச காத்து வேகமா அடிக்கும்போது கம்பி அறுந்தோ கிளை விழுந்தோ ஒரு பொறி பறந்தா மலையே பத்திக்கும், அதனால முன்கூட்டியே லைனை ஆஃப் பண்ணிடுறாங்க.

பயம் சும்மா வந்ததில்ல. 2018 நவம்பர் 8 அன்னைக்கு பிஜி அண்ட் இ-ங்கிற இங்கத்த பெரிய கரன்ட் கம்பெனியோட டிரான்ஸ்மிஷன் டவர்ல, தேய்ஞ்சுபோன ஒரே ஒரு கொக்கி உடைஞ்சு கிளம்பின தீதான் பாரடைஸ்ங்கிற ஊரையே அழிச்சுது, 85 பேர் செத்துப்போனாங்க. அடுத்த வருஷம் அக்டோபர்ல அதே கம்பெனி 7 லட்சத்துக்கும் மேல கனெக்‌ஷனை ஒரே சமயத்துல நிறுத்துச்சு, எந்தத் தெருவுக்குக் கட்டுன்னு பாக்கலாம்னு ஜனங்க போனா வெப்சைட்டும் படுத்துருச்சு. அந்த வருஷம் இதையெல்லாம் சொதப்பினதுக்கு கரன்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கிற மாநில கமிஷன் 10.6 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு.

எங்கம்மா மதுரையிலேர்ந்து வந்திருந்தப்போ ஒரு தடவை இந்த மெசேஜ் வந்துச்சு. "நம்ம ஊர் ஈபி ஷட்டௌன் மாதிரிதானே, காலைல போனா சாயங்காலம் வந்துரும்ல"ன்னாங்க. அங்கதான் வித்தியாசமே. காத்து நின்னாலும் கரன்ட் உடனே வராது. லைன் முழுசையும் ஆளுங்க நடந்தோ வண்டியிலயோ ஹெலிகாப்டர்லயோ பாத்து, எங்கயும் அறுந்து கிடக்கலைன்னு உறுதியான பிறகுதான் ஆன் பண்ணுவாங்க, பெரும்பாலும் அது பகல் வெளிச்சத்துல நடக்குற வேலை. காத்து அடங்கினதுலேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும்னு விதி. அதாவது காத்தடிச்ச நேரத்தோட இன்னொரு நாளையும் சேத்து கணக்குப் போட்டுக்கோங்க. எதிர்வீட்ல லைட் எரியுது நமக்கு இல்லைன்னா அது ஓரவஞ்சனை இல்ல, உங்க வீட்டுக்கு வர்ற லைன் வேற, அது எங்கயோ ஒரு மலை வழியா வருது, அவ்வளவுதான்.

சாதாரண வீடுகளுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி, அப்புறம் ஆஃப் பண்றதுக்கு சில மணி நேரம் முன்னாடி, ஆஃப் ஆனதும், திரும்ப வந்ததும்னு தகவல் வரணும். ஆனா காத்து திடீர்னு திரும்பினா இந்த அவகாசம் சுருங்கிடும். அக்கவுன்ட்ல பழைய நம்பர் இருந்தா மெசேஜ் எங்க போகும்னு சொல்லணுமா?

இப்ப முக்கியமான விஷயம், மெடிக்கல் பேஸ்லைன்ங்கிற திட்டம். வீட்ல யாராவது சிபாப் (தூக்கத்துல மூச்சு தடைபடாம இருக்கப் போட்டுக்குற மெஷின்), வென்டிலேட்டர், ஆக்சிஜன் மெஷின்னு கரன்ட்ல ஓடுற கருவிய நம்பியிருந்தா அப்ளை பண்ணலாம், வருமான வரம்பு கிடையாது, பில் உங்க பேர்ல இருந்து நோயாளி உங்க அப்பாவா இருந்தாலும் அவர் அந்த வீட்லயே நிரந்தரமா இருந்தா போதும். டாக்டர் சர்டிஃபை பண்ணணும். குறைஞ்ச ரேட்ல கூடுதல் யூனிட் கிடைக்கும், அதனால நிறைய பேர் இதை வெறும் பில் டிஸ்கவுன்ட்னே நினைச்சுக்கிட்டு "எதுக்கு அந்த ஃபார்ம்"னு விட்டுடுறாங்க. இன்னும் சில பேர் நேர் எதிரா, பதிஞ்சுட்டா நம்ம வீட்டுக்கு கட்டே வராதுன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. ரெண்டுமே தப்புங்க. கரன்ட் போகத்தான் செய்யும். ஆனா மெசேஜ்க்கு நீங்க பதில் குடுக்கலைன்னா ஆள் வந்து கதவைத் தட்டுவாங்க. அதுக்காகத்தான் பதியணும், பேட்டரிக்கும் தனியா வழி பண்ணி வச்சுக்கணும்.

நஷ்டஈடா, அத மறந்துடுங்க. 2019 அக்டோபர்ல கவர்னர் கேட்டதால வீட்டுக்கு 100 டாலர், சின்ன கடைகளுக்கு 250 டாலர் ஒரே ஒரு தடவை பில்ல கழிச்சாங்க. கம்பெனி லைனை ஒழுங்கா பராமரிக்காததாலதான் கட்டே வந்துச்சுன்னு போட்ட கேஸையும் 2023ல மாநில சுப்ரீம் கோர்ட், அது கமிஷனோட அதிகாரத்துல குறுக்கிடும்னு சொல்லி ஏத்துக்கல. எனக்கு இதுல வருத்தம்தான், கொக்கிய மாத்தாதது அவங்க, ஃப்ரிட்ஜ்ல இருக்குறது கெட்டுப்போறது நமக்கு.

ஃப்ரிட்ஜை மூடியே வச்சா 4 மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம். கராஜ் கதவைக் கையால திறக்குறதுக்கு உள்ள தொங்குற கயிறை இப்பவே ஒருதடவை இழுத்துப் பழகிக்கோங்க. 2017ல இங்க பரவின காட்டுத்தீயில கரன்ட் இல்லாம கதவு திறக்க முடியாம சில பேர் மாட்டிக்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் கராஜ் கதவைத் திறக்குற புது மோட்டார்ல பேட்டரி கட்டாயம்னு சட்டமே வந்துச்சு. ஜெனரேட்டரை கராஜுக்குள்ள ஓட்டவே ஓட்டாதீங்க, புகை ஆளைக் கொன்னுடும். போன் சார்ஜ் பண்ணிக்க பக்கத்துல கம்யூனிட்டி ரிசோர்ஸ் சென்டர்னு கம்பெனியே தற்காலிகமா ஒரு இடம் திறப்பாங்க.

அன்னைக்கு எங்கம்மா இதெல்லாம் கேட்டுக்கிட்டே எந்திரிச்சு, ஃப்ரிட்ஜ்ல இருந்த ரெண்டு டப்பா மாவையும் எடுத்து கரன்ட் போறதுக்கு முன்னாடியே மொத்தமா இட்லி ஊத்தி, பக்கத்து மூணு வீட்டுக்கும் குடுத்துட்டு வந்துட்டாங்க.