மனச்சிதைவு நோய்: "இது யார் வீட்டு ரத்தம்?" என்று கேட்பவர்களுக்கு

மகனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று வரும் மனநோய்) என்று சொன்னதும் குடும்பத்தார் பெரும்பாலும் மருந்தைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே டாக்டர்" என்று அப்பாவைப் பெற்ற பாட்டி ஆரம்பிப்பார். பையனின் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். பரம்பரை என்றால் அவர் பிறந்த வீட்டுக் குறை, வளர்ப்பு என்றால் அவர் கொடுத்த செல்லம். எப்படிப் பார்த்தாலும் பழி அவர் தலையில்தான்.

அந்த அம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டியது: இது உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை. தாயின் குணம்தான் இந்த நோயை உண்டாக்குகிறது என்று 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சிலரே எழுதினார்கள். எத்தனையோ தாய்மாரை அது வதைத்தது. 1966-ல் லெனார்ட் ஹெஸ்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை ஆட்டம் காண வைத்தது. நோயுள்ள தாய்க்குப் பிறந்து, மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாயிடமிருந்து அதேபோல் பிரிக்கப்பட்ட 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

மரபின் பங்கு இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மீதி 42 பேரையும் பாருங்கள், அவர்களுக்கு வரவில்லை. பொதுவாக 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்குப் பத்து அளவில். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதிதான். நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருவருமே நலமாகத்தான் இருப்பார்கள்.

'இந்த நோய் 80 சதவீதம் பரம்பரை' என்று படித்துவிட்டு மிரண்டு வருகிறவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 80 என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு பெரிய மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்பதற்கான கணக்கு அது. தனி ஒருவரின் தலையெழுத்தை அதில் படிக்க முடியாது. இந்த நோய்க்கென்று ஒற்றை மரபணுவும் கிடையாது. 2022-ல் வந்த பெரிய ஆய்வு, மரபுத்தொகுப்பில் 287 இடங்களை நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதனால் "ரத்தம் எடுத்து முன்கூட்டியே சொல்கிறோம்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சூழலின் பங்கு கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. 1944-45 பஞ்சத்தின் உச்சத்தில் நெதர்லாந்தில் கருவான குழந்தைகளுக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. பதின்ம வயதில் கஞ்சா இன்னொரு காரணம். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தால், தம்பி தங்கையிடம் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: நண்பர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், உனக்கு ஆபத்து அதிகம்.

நோய் வந்த பிறகு வீட்டுக்குள் பேசும் பேச்சு மிகவும் முக்கியம். லண்டன் ஆய்வாளர்கள் வானும் லெஃப்பும் 1976-ல் வெளியிட்ட கணக்கு இது. ஓயாமல் குறை சொல்லும் அல்லது அளவுமீறிப் பொத்திவைக்கும் வீட்டில், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் வீட்டாரோடு முகம் பார்த்து இருந்து, மருந்தும் எடுக்காத நோயாளிகளில் 92 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அதே வீட்டில் மருந்து எடுத்தவர்களில் அது 53. மருந்தும் எடுத்து, சேர்ந்திருக்கும் நேரமும் குறைந்தவர்களில் 15. சிறிய ஆய்வுதான். ஆனால் வீட்டுச்சூழலுக்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பைப் பின்னர் பல நாட்டு ஆய்வுகளும் உறுதி செய்தன.

குறை சொல்வது எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? காதில் குரல் கேட்பதை நோய் என்று குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. குளிக்காமல், பேசாமல், பகலெல்லாம் படுத்துக் கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்கிறது. அதுவும் நோயின் அறிகுறிதான். சில நேரம் மருந்தின் மந்தமும் சேர்ந்திருக்கும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "மாடு மாதிரி கிடக்குறியே" என்று சொல்வதற்குப் பதில், "மணி எட்டாச்சு, எழுந்து வாப்பா, காபி ஆறுது" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பல் தேய்த்துவிட்டு வந்தபின் குளிக்கச் சொல்லலாம். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அவரவர் தனியே இருக்கட்டும். அம்மாவுக்கும் அந்த ஓய்வு வேண்டும்.

சறுக்கல் பெரும்பாலும் மருந்தில்தான். நன்றாகிவிட்டான் என்று நிறுத்துவது, தங்கையைப் பெண் பார்க்க வருகிற நாளில் மாத்திரையை மறைப்பது, கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாகவே விட்டுவிடுவது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரைப் பாருங்கள். தூக்கம் கெடுவது, சந்தேகம், அறையை விட்டு வராமலிருப்பது எல்லாம் மறுபடி ஆரம்பித்தால் அந்த வாரமே அழைத்து வாருங்கள். உடனே வர முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

டாக்டரிடம் வரும்போது இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறை விவரம் கொண்டுவாருங்கள்: யாருக்கு, எந்த வயதில், எந்த மருந்து பலன் தந்தது. 'சாமி வந்தது', 'வீட்டை விட்டுப் போய்விட்டார்' என்று சொல்லி முடித்துவிட்ட மாமா, சித்தப்பா கதைகளையும் விடாதீர்கள். யார் மீது பழி போடுவது என்பதற்காக அதைக் கேட்கவில்லை. மாமாவுக்குப் பலன் தந்த மருந்து எது என்று தெரிந்தால், பையனுக்கு மருந்து தேர்வு செய்யும்போது அதையும் டாக்டர் யோசிப்பார்.