அணைக்கு முன் தொல்லியல் ஆய்வு: எந்தக் கோட்டுக்குள் தேடுவது?

ஒரு நீர்த்தேக்கம் வரப்போகிறது என்றால் தொல்லியல் பாதிப்பு ஆய்வுக்கு ஆட்கள் வருவார்கள். தண்ணீர் மூடப்போகும் இடத்தில் என்னென்ன கோயில், என்னென்ன கல்வெட்டு என்று எழுதிக்கொண்டு போவதுதான் அவர்கள் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கஷ்டமான கேள்வி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது: வரைபடத்தில் எந்தக் கோட்டுக்குள் தேடுவது?

முழு நீர்மட்டக் கோட்டோடு, அதாவது அணை நிரம்பினால் தண்ணீர் எட்டும் எல்லையோடு, நிறுத்திக்கொண்டால் ஏகப்பட்டது கைநழுவிவிடும். மண் அணைக்கு மலைமலையாய் மண் வேண்டும், அதை எங்கிருந்தோ வெட்டித்தான் எடுக்க வேண்டும். கல்லுக்குக் குவாரி, லாரி போக ரோடு, வேலையாட்களுக்குக் குடியிருப்பு, அப்புறம் கால்வாய், மின்கம்பம், ஊரைக் காலி செய்தவர்களுக்குப் புது ஊர், இத்தனைக்கும் நிலத்தைத் தோண்டியாக வேண்டும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நல்ல ஆழத்தில் மூழ்கி வண்டல் மூடிய பழங்கால ஊர் ஓரளவு சிதையாமல் கிடக்க வாய்ப்பிருக்கிறது. மண் எடுத்த குழியில் இருந்த ஊரோ லாரியில் ஏறி அணைக்கரைக்குள்ளேயே போய்விட்டது, இனி எந்த ஆய்வாளர் வந்தும் பயனில்லை. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டிய விதிகள், மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள வேலைகளுக்கு இந்த எல்லையை ஆரம்பத்திலேயே வரையறுக்கச் சொல்கின்றன. ஏற்கனவே நிற்கும் அணையைப் பழுதுபார்ப்பதற்கும் இது பொருந்தும்.

சரி, எல்லை போட்டாயிற்று. பழைய வரைபடங்கள், முந்தைய கள அறிக்கைகள், வான்வழிப் படங்கள் எல்லாவற்றையும் முதலில் மேசையில் வைத்துப் பார்ப்பார்கள். பிறகு வரிசையாக இடைவெளி விட்டு நடப்பார்கள். உழுத நிலத்தில் பானை ஓடு கண்ணில் படும். புல்லும் புதரும் மூடிய இடத்தில் அது நடக்காது, அங்கே பொதுவாக 15 முதல் 30 மீட்டருக்கு ஒன்று என்று சின்னச் சின்னச் சோதனைக் குழிகள் தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள்.

ஆற்றங்கரையில் மட்டும் இந்த முறை நம்மை ஏமாற்றிவிடும். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு வண்டலைக் கொட்டிக்கொண்டே போவதால் பழைய வாழிடங்கள் பல மீட்டர் கீழே போய்விடுகின்றன, மேலே எவ்வளவு நடந்தாலும் ஒன்றும் தெரியாது. டென்னசி மாநிலத்தில் டெலிகோ அணைக்காக லிட்டில் டென்னசி ஆற்றின் பள்ளத்தாக்கை 1970-களில் ஆராய்ந்தபோது, ஜெஃபர்சன் சாப்மன் என்ற தொல்லியலாளரின் குழு மண் தோண்டும் இயந்திரத்தை வைத்து ஆழமான அகழிகள் வெட்டிப் பார்த்தது. தொல்லியலாளர் இயந்திரத்தைக் கூப்பிடுவது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் அவ்வளவு கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேறு சுலப வழி இல்லை. ஐஸ்ஹவுஸ் பாட்டம் என்ற இடத்தில் 9,000 ஆண்டுகளுக்கும் முந்தைய வாழிடங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அங்கிருந்த களிமண் அடுப்புத் தளங்களில், மக்கள் பின்னிய பாய், கூடைகளின் தடம்கூடப் பதிந்திருந்தது. மேலே நடந்து பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையை யாரும் தப்பு சொல்லியிருக்கவும் முடியாது.

அடுத்தது மதிப்பீடு. கிடைத்த இடம் கலையாமல் இருக்கிறதா, வேறெங்கும் கிடைக்காத எதையாவது சொல்லுமா என்று பார்ப்பார்கள். ஆனால் யாருக்கு முக்கியம் என்ற கேள்வியும் உண்டு, டெலிகோவில் அது கோர்ட்டு வரை போனது. அதே பள்ளத்தாக்கில்தான் அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் சோட்டா, டனாசி போன்ற ஊர்களும் அவர்களுடைய முன்னோரின் கல்லறைகளும் இருந்தன. மாநிலத்தின் பெயரே டனாசியிலிருந்து வந்ததுதான். தோண்டிப் பதிவுசெய்துவிட்டால் தகவல் காப்பாற்றப்பட்டுவிடும் என்பது ஆய்வாளர் கணக்கு. அந்த மண்ணே புனிதம் என்கிறவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? செரோக்கிகள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள், 1979 நவம்பரில் மதகு மூடப்பட்டது. சோட்டாவின் மன்றம் இருந்த இடத்தை மட்டும் மண் கொட்டி நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி நினைவிடமாக்கினார்கள்.

பாதிப்பு உறுதி என்று தெரிந்தால் முதல் வழி திட்டத்தையே கொஞ்சம் நகர்த்துவது: ரோட்டை வளைப்பது, மண் எடுக்க வேறு இடம் பார்ப்பது. செலவும் குறைவு. முடியாவிட்டால்தான் அகழாய்வு, ஏனென்றால் தோண்டுவதும் ஒருவகையில் அழிப்பதுதான், தோண்டிய அடுக்கைத் திரும்ப வைக்க முடியாது. கட்டடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுவுவது கடைசி வழி, போட்டோவில் அதிகம் வருவது என்னவோ அதுதான். நம் பக்கத்தில், ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருக்கும் நாகார்ஜுனகொண்டா இதற்குப் பெரிய உதாரணம். 1926-இல் வெளிச்சத்துக்கு வந்த இடம் அது. நாகார்ஜுன சாகர் அணை வருகிறது என்றானதும் 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் அந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டியது. இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி மட்டுமல்ல, கற்காலம் முதல் இடைக்காலம் வரையிலான தடயங்கள் அங்கே கிடைத்தன. சில கட்டடங்களை அப்படியே பெயர்த்து, சிலவற்றைப் பிரதியாகச் செய்து, இன்று தீவாக நிற்கும் குன்றின் மேலும் கரையில் அனுப்பு என்ற இடத்திலும் வைத்தார்கள். 1955 டிசம்பரில் நேரு அடிக்கல் நாட்டியபோது அகழாய்வு நடந்துகொண்டுதான் இருந்தது.

தண்ணீர் நிறைந்த பிறகும் கதை முடிவதில்லை. மூழ்கிய தொல்லிடங்களுக்கு என்ன ஆகிறது என்று அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை 1975-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, மோசமான சேதம் ஏரியின் ஆழத்தில் அல்ல, நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில்தான் என்று சொன்னது. அங்கே அலை கரையை அரிக்கிறது, மண் நனைந்து காய்ந்து வெடிக்கிறது, லேசானதெல்லாம் அடித்துப் போய், கனமான பொருள் மட்டும் இடம் மாறிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கியதும் கால் படுகிறது, எடுத்துக்கொண்டு போகிறவர்களும் வருகிறார்கள். மேட்டூரில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், கூட்டமும் கூடும். அவை பெரிய கட்டுமானங்கள், தாங்கி நிற்கின்றன. அதே பட்டையில் ஒரு சின்னப் பானை ஓட்டு மேடு இருந்திருந்தால் எப்போதோ கரைந்திருக்கும். அதனால் பழைய அணையில் மதகு மாற்ற நீரை இறக்குவதாக இருந்தால், வெளிப்படப்போகும் அந்தப் பட்டையும் கோட்டுக்குள் வந்தாக வேண்டும்.

இன்னொன்று, எவ்வளவு தேடினாலும் எதிர்பாராமல் ஏதாவது கிளம்பத்தான் செய்யும். ஜேசிபி வாளியில் எலும்போ தாழியோ வந்தால் எத்தனை மீட்டர் சுற்றி வேலையை நிறுத்துவது, யாருக்குச் சொல்வது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் களத்தில் யாருக்கு, காத்திருக்கும் நாட்களின் கூலியை யார் தருவது என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒப்பந்தத்தில், வாளியில் என்ன வந்தது என்று ஓட்டுநர் வாயைத் திறக்கமாட்டார்.