காய்ந்த சாணம் எரு ஆகிவிடாது

"நல்லாக் காய்ந்த கோழி எருதான் போட்டேன் டாக்டர், நாற்றெல்லாம் ஏன் கருகிப்போச்சு?" பசுவுக்கு மருத்துவம் பார்க்கப் போன வீட்டில் அந்த அம்மா கேட்டார். தக்காளி நாற்றடியில் கிடந்த ஒரு கட்டியை எடுத்து உடைத்தேன். மேலே வறண்ட ஓடு. உள்ளே பிசுபிசுவென்று ஈரம், கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி. காய்ந்திருந்ததே தவிர மக்கவில்லை.

கோழி எச்சத்தில் தழைச்சத்து மாட்டுச் சாணத்தைவிடப் பல மடங்கு அதிகம். மக்காமல் வேரைத் தொட்டால் அம்மோனியாவும் உப்பும் சேர்ந்து வேரைச் சுட்டுவிடும். சரி, நாற்று போனால் வேறு நடலாம். எனக்குக் கவலை தந்தது பக்கத்துப் பாத்தியில் அதே எருவில் வளர்ந்துகொண்டிருந்த கேரட்டும் வெள்ளரியும்தான். இரண்டையும் பச்சையாகக் கடித்துத் தின்பது வீட்டுக் குழந்தைகள்.

நோய் நொடியில்லாத, பளபளவென்று இருக்கும் மாட்டின் குடலிலும் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா இருக்கலாம். மாட்டை அது ஒன்றும் செய்யாது. மனிதருக்கு இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு வரும். சின்னக் குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடும். கோழி எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம். பன்றிச் சாணத்தில் உருளைப்புழு முட்டைகள் இருந்தால் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயிலில் காய்ந்துவிட்டது என்பதற்காக இவை செத்துப்போயின என்று நம்பிவிடாதீர்கள்.

இவற்றைக் கொல்வது குவியலுக்குள் பிறக்கும் சூடு. சாணம் ஒரு பங்குக்குச் சருகு, வைக்கோல் போன்ற காய்ந்த பொருள் இரண்டு பங்கு. கோழி எச்சம் என்றால் சருகு இன்னும் கூடுதலாக வேண்டும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்கட்டும். சின்னக் குவியலில் சூடு நிற்காது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக் கூடாது. உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் 15 நாளாவது சூடு நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்டி, வெளியே இருந்ததை உள்ளே தள்ளுங்கள். நீளக் கம்பியுள்ள வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, கையால் தொட்டு ஊகிக்க வேண்டாம். சூடு அடங்கிய பிறகும் இரண்டு மூன்று மாதம் ஆறவிடுங்கள். மாட்டுச் சாணமா கோழி எச்சமா என்று அடையாளம் தெரியாமல், மழை பெய்த மண்போல மணக்கும்போது பாத்திக்குக் கொண்டுபோகலாம்.

ஆட்டுப் புழுக்கையை நொறுக்கிச் சேர்த்தால் சீக்கிரம் மக்கும். நாய், பூனைக் கழிவு மட்டும் காய்கறித் தோட்டத்துப் பக்கமே வேண்டாம். பச்சைச் சாணத்தை மண்ணில் கலந்தே ஆகவேண்டும் என்றால், மண்ணைத் தொட்டு விளையும் காய்களுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே கலந்துவிடுங்கள்.

சாணம் தருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மாட்டுக்கு அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா? ஐவர்மெக்டின் போன்றவை பெரும்பாலும் சாணத்தோடுதான் வெளியேறும், சாணவண்டுப் புழுக்களைக் கொன்றுவிடும். அதனால் மருந்து கொடுத்த பிறகு சில வாரச் சாணத்தைத் தனியே வைப்பது நல்லது. அப்புறம், தீவனப் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தார்களா? அமினோபைரலிட், குளோபைரலிட் இரண்டும் மாட்டின் வயிற்றிலும் சிதையாது, எருக்குழியிலும் லேசில் சிதையாது. தக்காளியும் அவரையும் இலை சுருண்டு வீணாகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. எருவும் மண்ணும் கலந்த ஒரு தொட்டி, வெறும் மண் மட்டும் இன்னொரு தொட்டி. இரண்டிலும் நாலு அவரை விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். போன தடவை நான் போனபோது அந்த அம்மா வீட்டு வாசலில் அப்படி இரண்டு தொட்டி இருந்தது. இரண்டிலும் இலை விரிந்து, ஒரே உயரத்தில் நின்றன.