ஃபேசட் மூட்டு: முகப்பா, பட்டையா, பின்மூட்டா?

அத்தையின் ஸ்கேன் அறிக்கையில் ‘எல்4–எல்5 ஃபேசட் ஆர்த்ரோபதி’ என்று இருந்தது; அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஃபேசட் மூட்டில் கோளாறு. அறிக்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “டிஸ்க் விலகலன்னுட்டாங்க. அப்புறம் எதுடா வலிக்குது?” இடுப்பு வலி என்றாலே நமக்கு டிஸ்க், அது இல்லாவிட்டால் எலும்புத் தேய்மானம். தேய்வது எந்த இடம் என்று சொல்லத்தான் புழக்கத்தில் ஒரு சொல் இல்லை.

ஃபேசட் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘ஃபாஸ்’ என்றால் முகம். ‘ஃபசெத்’ சின்ன முகம். வைரத்தில் தீட்டும் பட்டைக்கும் இதே பெயர்தான். முள்ளெலும்பின் பின்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு எலும்பு நீட்சிகள் உண்டு. மேல் எலும்பின் நீட்சியும் கீழ் எலும்பின் நீட்சியும் தங்கள் வழுவழுப்பான சிறு முகங்களால் பொருந்தும் இடமே ஃபேசட் மூட்டு. முழங்காலைப் போலவே குருத்தெலும்பு, மூட்டுறை, மூட்டுநீர் எல்லாம் இதற்கும் இருக்கின்றன. முழங்கால் தேய்வது போல இதுவும் தேயும். 1933இல் அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் கோர்ம்லி இந்த வலிக்கு ‘ஃபேசட் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். உடற்கூறியல் நூல்கள் சொல்லும் ‘சைகபோஃபைசியல்’ என்ற பெயருக்குள் இருப்பது நுகத்தடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

சரி, தமிழில்? ‘முகப்பு மூட்டு’ என்றால் வீட்டு முகப்பு மாதிரி முன்பக்கம் என்று ஆகிவிடும்; இந்த மூட்டோ பின்னால் இருக்கிறது. ‘பட்டை மூட்டு’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இடுப்பு வலிக்காரரிடம் பட்டை என்றால் பெல்ட்டைத்தான் நினைப்பார். அதனால் நான் ‘பின்மூட்டு’ என்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் பின்மூட்டு. ஃபேசட்டைக் கொடுத்த பிரெஞ்சு மொழியிலேயே மருத்துவர்கள் இதைப் ‘பின்புற மூட்டு’ என்ற பொருளில் அழைப்பதுண்டு.

இந்தப் பெயர் வலியின் போக்கையும் காட்டிக்கொடுக்கும். பின்னால் வளைந்தால், இடுப்பைத் திருப்பினால் பின்மூட்டு நெருக்குண்டு வலிக்கும். குனிந்தால் பலருக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். வலி பிட்டம், தொடை வரை பரவலாம். சொன்னதும் அத்தை, “அதான் அண்ணாந்து கொடியில துணி போடுறப்ப உயிர் போகுது” என்றார். ஸ்கேனில் தேய்மானம் தெரிவதை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. வலியே இல்லாத வயதானவர்களுக்கும் அந்தத் தேய்மானம் தெரியும்.

முதலில் உடற்பயிற்சி, பிசியோதெரபி, தேவைப்பட்டால் கொஞ்ச நாளுக்கு வலி மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் ஊசி. ஒவ்வொரு பின்மூட்டுக்கும் பொதுவாக இரண்டு மெல்லிய நரம்புக் கிளைகள் உணர்வு தருகின்றன. அவற்றின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வலி நன்றாகக் குறைந்தால் குற்றவாளி இந்த மூட்டுதான். ஒரு முறை பார்த்தது ஏமாற்றலாம் என்பதால் பலர் இரண்டு முறை பார்க்கிறார்கள். அப்புறம்தான் ரேடியோ அலையால் ஊசிமுனையைச் சுமார் 80 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்தக் கிளைகளைச் சுடுவது. கத்தியும் தையலும் கிடையாது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இந்தச் சிகிச்சையை ‘ரைசாட்டமி’ என்றும் சொல்கிறார்கள். அதற்கு ‘வேரறுத்தல்’ என்று பொருள். இங்கே நரம்பு வேரைத் தொடுவதும் இல்லை, எதையும் அறுப்பதும் இல்லை. ரேடியோ அலையைக் ‘கதிர்வீச்சு’ என்று தமிழாக்குவது இன்னும் மோசம். புற்றுநோய் சிகிச்சையோ என்று வீடே பதறிவிடும். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் சூடிட்டுச் செய்யும் ‘சுட்டிகை’ ஒன்று. முறை வேறானாலும் செயல் சுடுவதுதான் என்பதால் ‘நரம்புச் சுட்டிகை’ என்று சொல்லலாம். சுட்ட நரம்பு பல மாதங்களில், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், மறுபடி வளரும். வலி திரும்பினால் மறுபடி செய்யலாம். தேய்ந்த மூட்டு அப்படியேதான் இருக்கும். வலி தெரியாத அந்த மாதங்களில்தான் முதுகுத் தசைக்குப் பயிற்சி கொடுத்து வலுவாக்கிக்கொள்ள வேண்டும்.