தியாசபி: இறைஞானமா, பிரம்மஞானமா?

1875 செப்டம்பரில் ஒரு மாலை, நியூயார்க்கில் ஹெலினா பெட்ரோவ்னா பிளாவட்ஸ்கி அம்மையாரின் வீட்டில் பதினைந்து இருபது பேர் கூடி, பழைய எகிப்தியரின் அளவு விதிகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு கேட்டார்கள். பேச்சு முடிந்ததும், இப்படிப்பட்ட விஷயங்களை ஆராய ஒரு சங்கம் வைத்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் முன்மொழிய, எல்லோரும் சரி என்றார்கள். பெயர்தான் அமையவில்லை. எகிப்தியவியல் சங்கம், ஹெர்மெட்டிக் சங்கம், ரோசிக்ரூசியன் சங்கம் (பின்னிரண்டும் மேலைநாட்டு மறைஞான மரபுகளின் பெயர்கள்) என்று ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் அகராதியைப் புரட்டிக்கொண்டே வந்து ‘தியாசபி’யில் நின்றார். அதுவே பெயராயிற்று. இதைச் சொல்பவர் வேறு யாருமில்லை, ஆல்காட்டேதான். தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

சொல் அவர்களுடையது அன்று. கிரேக்க மொழியில் ‘தியோஸ்’ என்றால் கடவுள், ‘சோஃபியா’ என்றால் ஞானம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி போன்ற, பிளேட்டோவின் தத்துவத்தைப் புதுப்பித்த புதுப்பிளேட்டோவியர் இதை ஆண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்குத் தனிப் பொருள் ஏறியது 17ஆம் நூற்றாண்டில், யாக்கோப் பெமே என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியால். ஜெர்மனியின் கெர்லிட்ஸ் ஊர்க்காரர். ஈயத் தட்டொன்றில் பட்டுத் தெறித்த வெயிலைக் கண்டபோது உள்ளே ஏதோ திறந்துகொண்டது என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. 1612இல் அவர் எழுதிய கையெழுத்துப்படி கைமாறி ஊரெல்லாம் சுற்ற, உள்ளூர்ப் பாதிரியார் கொதித்துப்போனார். இனி எழுதக் கூடாது என்று தடை வந்தது. சில ஆண்டுகள் பொறுத்திருந்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். வேதநூலை வைத்துத் தருக்கித்து முடிவுக்கு வருவது தியாலஜி. கடவுளின் இயல்பை நேராகக் கண்டு சொல்வதாக உரிமை கோருவது தியாசபி. முன்னதற்குத் தமிழில் ‘இறையியல்’ நிலைத்துவிட்டது. பெமே மரபைக் குறிக்க ‘இறைஞானம்’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்காமல் நிற்கும்.

சிக்கல் நியூயார்க் சங்கத்திடம் வரும்போதுதான். பிளாவட்ஸ்கி 1889இல் எழுதிய வினாவிடை நூலில், தியாசபி என்பது ‘கடவுளைப் பற்றிய ஞானம்’ அன்று, தேவர்களுக்கு உள்ளதைப் போன்ற தெய்வ ஞானம் என்று அடித்துச் சொல்கிறார். ஆள்வடிவான, உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. ஆகவே ‘இறைஞான சபை’ என்றால் அவரே கோபித்துக்கொள்வார். தெலுங்கில் ‘திவ்யஞான சமாஜம்’ என்கிறார்கள். அம்மையார் தந்த விளக்கத்துக்கு இதைவிட நெருக்கமான பெயர்ப்பு கிடைக்காது. சிங்களத்தில் இன்னும் சுவாரசியம்: ‘பரம விஞ்ஞானார்த்த சமாகம’. பௌத்தர்களுக்காகத் தொடங்கிய கிளைக்குக் கடவுளை இழுக்காமல் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ‘மேலான அறிவு’ என்று நழுவிக்கொண்டார்கள்.

தமிழில் ‘பிரம்மஞான சபை’. ‘பிரம்மஞானம்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேதாந்தம். சங்கரர், உபநிடதம், ‘அகம் பிரம்மாஸ்மி’. எகிப்து, ஹெர்மெட்டிக் மரபு, யூதரின் மறைஞானமான கப்பாலா, பௌத்தம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய ஒரு கோட்பாட்டுக்கு இது ஒரு தரப்பின் பட்டயம். மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் தவறு என்றே சொல்வேன். ஆனால் வரலாறாகப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான தவறு இல்லை. நிறுவனர்கள் 1879இல் பம்பாய்க்கு வந்து, 1882 டிசம்பரில் அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தில் குடியேறினார்கள். வந்த இடத்தில் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த வக்கீல்களும் அதிகாரிகளும், அதிலும் பிராமணர்கள். அவர்கள் காதில் தியாசபி வேதாந்தமாகத்தான் விழுந்தது.

மாற்றம் எதிர்த் திசையிலும் நடந்தது. சபையின் முத்திரையைப் பாருங்கள். தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. அதற்குள் ஒன்றோடொன்று பின்னிய இரு முக்கோணங்கள் (நம் ஊர்க்காரர் கண்ணுக்கு முருகனின் அறுகோணம்). நடுவில் எகிப்தின் ஆங்க் சிலுவை. பாம்பின் தலைமேல் சுவஸ்திகா. எல்லாவற்றுக்கும் மேலே தேவநாகரி ‘ஓம்’. சுற்றி எழுதியிருக்கும் வாசகம் காசி மகாராஜா குடும்பத்தினுடையது: ‘சத்யாந் நாஸ்தி பரோ தர்ம:’ உண்மையைவிட உயர்ந்த தர்மம் இல்லை. சபை ஆங்கிலத்தில் இதை ‘உண்மையைவிட உயர்ந்த மதம் இல்லை’ என்று ஆக்கிக்கொண்டது. தர்மம் மதமானதும் ஒரு நீதிமொழி மத ஒப்பாய்வுக்கான கொள்கை முழக்கமாக மாறிவிட்டது.

இந்தச் சபையை ‘ரகசியச் சங்கம்’ என்று எழுதுவோர் உண்டு. பாதிதான் சரி. இத்தகைய மறைஞானத்தைக் குறிக்கும் ‘எசோட்டெரிக்’ என்பதன் கிரேக்க வேர் ‘உள்ளே’ என்று பொருள்படும். உள்வட்டத்தாருக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என்ற பாகுபாடு நமக்குப் புதிதா என்ன? ஒரு கூட்டத்தார் தமக்குள் ஆளும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. சித்தர் பாடல்களில் பரிபாசை என்ற மறைமொழி உண்டு. ‘மறை’ என்ற சொல்லே வேதத்தையும் மறைவையும் சேர்த்துக் குறிக்கிறது. அந்த வகையில் ‘மறைஞானம்’ நல்ல பெயர்ப்பு. ஆனால் தியாசபி சபை இதழ் நடத்தியது, பொதுக்கூட்டம் போட்டது, 1886இல் அடையாற்றில் நூலகம் திறந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது 1888இல் தொடங்கிய ‘எசோட்டெரிக் பிரிவு’ மட்டுமே. கிளைகளை ‘லாட்ஜ்’ என்று அழைத்த வழக்கம் ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தாரிடமிருந்து வந்தது. கல்தச்சர்கள் வேலைத்தளத்தில் போட்டுக்கொண்ட கொட்டகைதான் முதலில் லாட்ஜ். இதைத் தமிழில் அப்படியே எழுதினால் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரூம் எடுப்பதாகப் படும். ‘கிளை’ போதும்.

சபையின் கோட்பாட்டை இன்று படிப்பவர் குறைவு. அது கட்டிய பள்ளிகள் நிற்கின்றன. 1880 மே மாதம் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தர் ஆனார்கள். அங்கே அப்போது ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிகள் கையில். 1881இல் ஆல்காட் பௌத்த வினாவிடை ஒன்றை வெளியிட்டார். கிறிஸ்தவ ஞானோபதேசத்தின் அச்சில் வார்த்த நூல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவத்துக்கு இதே உத்தியை அதற்கு முன்பே கையாண்டுவிட்டார் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1886இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரி வந்தது; அடுத்து கண்டியில் தர்மராஜா, காலியில் மகிந்தா. ஆனந்தாவின் முதல் தலைமை ஆசிரியர், பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தியை அடையாறு கடற்கரையில் ‘கண்டெடுத்த’ லெட்பீட்டர்.

அடையாற்றுக்குப் பக்கத்திலேயே 1894இல் ஆல்காட் தொடங்கியது பஞ்சமர் பள்ளி. ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு இலவசக் கல்வி. இந்தத் தொடர்பில்தான் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டைச் சந்தித்து, இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தமிழ்ச் சிந்தனையில் இந்தச் சபையால் விளைந்தவற்றுள் ஆழமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். மேல்தட்டு வேதாந்தக் கூட்டமாகப் பெயரெடுத்த ஓர் அமைப்பின் பின்வாசல் வழியாகத் தமிழ்ப் பௌத்தம் எழுந்து வந்திருக்கிறது.

முன்வாசலில் அன்னி பெசன்ட். 1893இல் இந்தியா வந்தவர். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் அதைச் சுற்றித்தான் எழுந்தது. 1907இல் சபைத் தலைவர், 1917இல் காங்கிரஸ் தலைவர். சபையின் முதல் நோக்கம் இனம், மதம், பால், சாதி, நிறம் பாராத சகோதரத்துவம். ஆனால் 1909இல் அவர் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளை மற்றவர்களின் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் இப்போது சேர்க்கக் கூடாது என்று தூய்மையைக் காரணம் காட்டி வாதாடினார். பிற்பாடு அம்பேத்கர் அதை வரி வரியாக எடுத்துக் காட்டினார். 1916 டிசம்பரில் வந்த பிராமணர் அல்லாதார் அறிக்கை அவருடைய ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கத்தை எதிர்த்ததில் வியப்பில்லை. பாரதி வேறு காரணத்துக்காக 1914லேயே ‘பொன்வால் நரி’ என்று ஆங்கிலத்தில் ஒரு நையாண்டி எழுதி அவரைக் கிண்டலடித்தார். மனிதகுலம் அடுத்தடுத்த இனங்களாக வளர்கிறது என்னும் பிளாவட்ஸ்கியின் ‘வேர் இனங்கள்’ கோட்பாட்டில் ஆரியர் ஐந்தாவது இனம் என்பதையும் சேர்த்துப் படித்தால், ‘பிரம்மஞானம்’ என்ற பெயர் ஏன் சிலருக்கு இனித்தது, சிலருக்குக் கசந்தது என்று விளங்கும்.

மோசடிக் குற்றச்சாட்டும் மதராஸிலேயே வெடித்தது. பிளாவட்ஸ்கிக்கு இமயத்து ‘மகாத்மாக்கள்’ கடிதம் அனுப்புவதாகச் சபை சொல்லிவந்தது. காந்தியோடு அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும் முன் மேலைநாட்டுப் பத்திரிகைகளில் மகாத்மா என்றால் இந்தக் கண்காணா ஆசான்கள்தான். 1884இல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழ், சபையில் வேலை பார்த்த கூலோம் தம்பதி கொடுத்த கடிதங்களை வெளியிட்டு, அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடு என்றது. அடுத்த ஆண்டு அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் லண்டன் கழகம் ஒன்றின் (Society for Psychical Research) அறிக்கையும் அவரை மோசடிக்காரர் என்றது. அவர் 1885இல் கப்பலேறியவர், திரும்பவில்லை. நூறாண்டு கழித்து, 1986இல், அதே கழகத்தின் இதழில் அந்த அறிக்கையின் முறைகளைக் கடுமையாகக் குறை கூறி ஒரு கட்டுரை வந்தது.

சொல்லின் கிளைகளையும் பார்த்துவிடலாம். சபையின் ஜெர்மன் பிரிவுக்குச் செயலாளராக இருந்த ரூடால்ஃப் ஸ்டைனர், கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக முன்னிறுத்தியது பிடிக்காமல் 1912–13இல் பிரிந்து ‘ஆந்த்ரபாசபி’யைத் தொடங்கினார். தியோஸ் போய் ‘ஆந்த்ரபோஸ்’, அதாவது மனிதன், வந்து உட்கார்ந்தான். தமிழில் ‘மானுடஞானம்’ எனலாம். 1919இல் ஸ்டுட்கார்ட்டில் வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக அவர் அமைத்த பள்ளியிலிருந்துதான் வால்டார்ஃப் கல்விமுறை கிளம்பியது. மரியா மாண்டிசோரி 1939இல் சபையின் அழைப்பில் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். உலகப்போர் அவரைப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே நிறுத்திவைத்தது, அதில் ஒரு பகுதி கொடைக்கானலில். கிருஷ்ணமூர்த்தியோ 1929இல் தமக்காக அமைத்த சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டு, பிறகு பள்ளிகள் நடத்தினார்.

எழுதுவோருக்கு என் பரிந்துரை இது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வைத்துச் சபையையும் பொது மரபையும் பிரிக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. இரண்டு சொல் வேண்டும். பெமே முதலான பழைய மரபுக்கு ‘இறைஞானம்’. நிறுவனத்துக்குப் ‘பிரம்மஞான சபை’. நூறாண்டாகப் புழங்கும் இடுபெயரைத் திருத்த நமக்கு உரிமை கிடையாது. சபை பரப்பிய கோட்பாட்டை மட்டும் ‘பிரம்மஞானம்’ என்று எழுதாமல் ‘தியாசபி’ என்றே விட்டுவிடலாம்; இல்லையென்றால் வாசகர் சங்கரரின் பக்கம் போய்விடுவார். கட்டாயம் பெயர்த்தாக வேண்டுமென்றால் ‘தெய்வ ஞானம்’. தியோசாபி, தியஸாஃபி, தியாசபி என்று எழுத்துக்கூட்டல் மூன்று நான்கு உண்டு. வாயில் வழங்குவது கடைசியாகச் சொன்னதுதான்.